திருப்பி வைத்த கிரீடமும் ஒரு மீசையும்

நலம் ஓங்குக. ஆறு நிறைக. நெடுந்திட்டை நாட்டின் ஏழு துறைகளுக்கும் உரியவரும், அடைந்தாரைக் காப்பவரும், தாம் வருமுன்னே தம் மீசை வாசலைக் கடந்துவிடும் என்று புலவர்கள் மிகைப்படுத்தாமலே பாடும் பேறு பெற்றவருமாகிய மகாராசர் அரிகண்டவர்மரின் திருமுன்பு, பூங்கரை நாட்டு மன்னர் சயதுங்கவர்மரின் தலைமை அமைச்சனாகிய நக்கன் ஆச்சன் தண்டனிட்டு எழுதும் விண்ணப்பம். தேவரீரும், பட்டத்தரசியாரும், பட்டத்து யானையும், தேவரீரின் கோட்டையில் தற்போது தங்கியிருக்கும் எங்கள் ஐந்நூறு கோழிகளும் நலமே என நம்புகிறேன்.

வழக்கப்படி இவ்விடத்தில் எங்கள் மன்னரின் மெய்க்கீர்த்தி வரவேண்டும். அவர் வென்ற நாடுகள், கடந்த கடல்கள், ஓடவைத்த பகைவர்கள் என முப்பது அடிக்குக் குறையாமல் புகழ்ந்த பிறகுதான் எங்கள் ஓலைகளில் காரியம் தொடங்கும். இவ்வோலையில் அது இல்லை. ஏன் இல்லை என்பதைப் படிக்கப் படிக்கத் தேவரீர் அறிவீர்.

எங்கள் அரண்மனை நாவிதன் காரி தேவரீரின் சிறையில் இருக்கிறான். வரும் பௌர்ணமியன்று அவன் தலை வாங்கப்படும் என்று தேவரீரின் தூதர் வந்து அறிவித்தார். ஒரு கையில் சவரக் கத்தியும் மறு கையில் மண்பானையுமாகப் பள்ளியறை வாசலில் பிடிபட்டவனைக் கொஞ்சவா முடியும் என்று தேவரீர் கேட்டனுப்பியது முற்றிலும் நியாயம். ஆயினும் மகாராசா, அவன் தேவரீரின் உயிரைக் குறிவைத்து வந்தவன் அல்லன். மீசையை மட்டுமே குறிவைத்து வந்தான். அதுவும் அரசாணைப்படி வந்தான். அந்த ஆணையில் இருப்பது என் முத்திரை.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல, முதலில் ஹிப்ஹாப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தச் சொல்லை எழுதும்போது என் எழுத்தாணியே ஒரு கணம் நின்று என்னைப் பார்க்கிறது. சென்ற தை மாதம் மேலைக் கடலிலிருந்து மிளகு ஏற்ற வந்த மரக்கலத்தில் நான்கு பாடகர்கள் வந்திறங்கினர். மன்னர் அவர்களை அவைக்கு அழைத்தார். நானும் வெற்றிலை போட்டு, சால்வை போர்த்தி, நல்ல பாட்டொன்று கேட்கப் போகிறேன் என்று முன்வரிசையில் அமர்ந்தேன். அன்று தொடங்கியது என் தலைவலி.

அவர்கள் பாடுகிறார்களா, பேசுகிறார்களா, ஏசுகிறார்களா என்று ஒரு நாழிகை வரை எனக்குப் பிடிபடவில்லை. மூச்சு விடாமல் பேசுவதுதான் வித்தையென்றால் எங்கள் மீன் சந்தையில் நாற்பது மேதைகள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அவைக்கு அழைத்துப் பட்டு போர்த்தியதில்லை. அருமையான மத்தளக்காரர் ஒருவர் ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருக்க, ஒருவன் வாயாலேயே மத்தளம் வாசித்தான். தாளம் குறை சொல்ல முடியாதது. ஆனால் முன்வரிசையில் இருந்த எனக்குக் குடை தேவைப்பட்டது. இன்னொருவன் குடத்துக்குள் முகத்தை விட்டுப் பாடினான். அப்படிப் பாடினால் சுருதி தானே சேர்ந்துகொள்ளுமாம். அந்த வழி தெரியாமல் என் அத்தை பதினாறு ஆண்டு சாதகம் செய்தார், பாவம்.

அவர்கள் பெயர்களும் எனக்கு விளங்கவில்லை. மூன்று மூட்டை நெல்லின் பருமன் உடையவன் தன்னைச் சின்னத்தம்பி என்கிறான். மூவர் பாடும் பாட்டின் நடுவே நான்காமவன் ஒருவன் எங்கிருந்தோ வந்து, நான்கு அடி பாடி, தன் பெயரையும் பாட்டோடு சேர்த்துச் சொல்லச் செய்து, வந்த வழியே போய்விடுகிறான். பிறகு எல்லோரையும் கையை மேலே தூக்கச் சொன்னார்கள். எங்கள் நாட்டில் சரணடைந்தவன்தான் கையைத் தூக்குவான். காவற்படை முழுவதும் கைதூக்கி ஆடியதைக் கண்ட சேனாபதி தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வலக்கால் பெருவிரலும் அன்று தாளம் போட்டது என்று அவையில் வதந்தி உண்டு. அது உண்மைதான், அந்த விரலைக் கண்டித்துவிட்டேன்.

இவ்வளவோடு போயிருந்தால் பாதகமில்லை. மரக்கலம் போய்விட்டது, பாட்டு போகவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் எங்கள் மன்னர் தமக்குச் ‘சின்னச் சயா’ என்று பெயர் சூட்டிக்கொண்டார். கோயில் யானைக்குச் செய்து வைத்திருந்த பொற்சங்கிலியைக் கழுத்தில் அணிந்தார். அரைக்கச்சையை எவ்வளவு தளர்த்தினார் என்றால், அதைப் பிடித்துக்கொள்ளவே இரு மெய்க்காவலரை நியமிக்க வேண்டியதாயிற்று. சந்தைச் சுவரில் நாள்தோறும் தம் உருவத்தைப் புதிதாக வரையச் செய்தார். பிடித்தவர்கள் அதன் கீழே ஒரு குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். காலையில் அவை கூடியதும் மழை பெய்ததா, பயிர் விளைந்ததா என்று கேட்டவர், இப்போது எத்தனை பொட்டு என்று கேட்கத் தொடங்கினார். பொட்டு குறைந்த நாளில் மன்னர் சோறு உண்ணமாட்டார். நான் இரண்டு முறை முக்காடிட்டுச் சந்தைக்குப் போய் என் கையாலேயே பன்னிரண்டு பொட்டு வைத்தேன் என்பதை இவ்வோலையில் அன்றி வேறெங்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்தப் பாட்டில் ஒரு நியதி உண்டாம். தனக்கு நிகரான ஒருவனை எதிரே நிறுத்தி ஏச வேண்டுமாம். எங்கள் அவையில் மன்னருக்கு நிகராக நிற்க ஆளில்லை. தூரத்துப் பகைவனை ஏசிப் பார்த்தார், சுவைக்கவில்லை. நெஞ்சில் பிரியம் இருந்தால்தான் ஏச்சில் உப்பு இருக்கும் என்று எனக்கு விளக்கினார். ஆகவே, சிறு வயதில் ஒரே ஆசானிடம் வாள் பயின்ற காலந்தொட்டு அண்ணன் என்று அழைத்துவரும் தேவரீரைத் தேர்ந்தார். மகாராசா, அந்தப் பாட்டின் ஒவ்வொரு அடியும் தேவரீர்மேல் உள்ள பாசத்தால் எழுந்தது. கேட்க அப்படி இராது என்பதும் எனக்குத் தெரியும்.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைக் கூறவேண்டும். எங்கள் மன்னர் அரியணையில் அமர்ந்து, தலையில் கிரீடம் தரித்துச் சொல்லும் எந்தச் சொல்லும் ஆணையாகும். திருவாய்க்கேள்வி எழுதும் அதிகாரி எயினன் தத்தன் அதை அப்படியே ஓலையில் எழுதுவார், நான் முத்திரையிடுவேன், ஏழு நாளுக்குள் அது நிறைவேற வேண்டும். இதற்காகவே மன்னர் பாட்டுப் பயிலும்போது கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அன்று கழற்றவில்லை. மரக்கலப் பாடகர்கள் தொப்பியைப் பின்முன்னாகத் திருப்பி வைத்திருந்தது நினைவுக்கு வர, கிரீடத்தையும் அவ்வாறே திருப்பி வைத்துக்கொண்டு பாடிவிட்டார். பின்முன்னாக இருக்கும் கிரீடம் கிரீடமா அன்றா என்று எயினன் தத்தனும் மூன்று அதிகாரிகளும் கூடி ஆராய்ந்தனர். கிரீடம் தலைமேல் இருக்கவேண்டும் என்றுதான் முன்னோர் விதித்தார்களே தவிர, முன்மணி எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று விதிக்கவில்லை என முடிவாயிற்று. ஆகவே கீழ்வரும் அடிகள் ஆணையாயின:

எம் பேரு கேட்டா எட்டு ஊரும் நடுங்கும்,
உன் கோட்டை முழுக்க என் கோழி வந்து அடங்கும்!
உன் பட்டத்து யானை எங்க வீட்டுப் பூனை,
உன் மீசையால துடைப்பேன் எங்க வீட்டுப் பானை!

முதலடியை எப்படி நிறைவேற்றுவது என்று அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. எட்டு ஊருக்கு ஆளனுப்பி மன்னர் பெயரைச் சொல்லி நடுங்கச் சொன்னார்கள், மக்களும் மரியாதைக்கு நடுங்கினார்கள். இரண்டாம் அடிக்காக ஐந்நூறு கோழிகள் தேவரீரின் கோட்டைக்கு வந்து சேர்ந்தன. மூன்றாம் அடிக்காக வந்தவர்தாம் தேவரீரின் பட்டத்து யானைக்கு முன் கிண்ணத்தில் பால் வைத்து மியாவ் என்றழைத்த அதிகாரி. யானை தூக்கி எறிந்த அவர் இப்போது எண்ணெய்க் கட்டோடு நலமாக இருக்கிறார். நான்காம் அடி காரியின் தலையில் விழுந்தது. அரண்மனை மடைப்பள்ளியில் பானை தர மறுத்துவிட்டார்கள். அவன் தன் வீட்டுப் பானையையே எடுத்துக்கொண்டு, போகமாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் புறப்பட்டான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேவரீர் கேட்கலாம். அந்த ஓலை என் முன் வந்தபோது, தொடக்கத்திலேயே ஊர் நடுங்கும் என்று இருக்கக் கண்டேன். மெய்க்கீர்த்தி போலும், இம்முறை கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, மேலே படிக்காமல் முத்திரையை அழுத்தினேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் மெய்க்கீர்த்தியைப் படித்ததில்லை. படிக்க என்ன இருக்கிறது? அதை இயற்றுகிறவனே நான்தானே.

அங்கேதான் மகாராசா, எனக்குச் சுருக்கென்று தைத்தது. அலைகடல் கடந்து தீவு பல கொண்ட என்று எங்கள் மன்னரைப் பற்றி எழுதியவன் நான். அவருக்கு ஓடத்தில் ஆறு கடந்தாலே வாந்தி வரும். எழுநூறு களிறு உடையவர் என்றும் எழுதினேன். எங்களிடம் இருப்பவை நான்கு, அவற்றில் ஒன்று நொண்டி. தேவரீரின் பாட்டனார் எங்கள் குதிரையின் கனைப்புக் கேட்டே காட்டுக்குள் ஓடினார் என்ற அடியும் என்னுடையதே. அதற்கு இப்போது மன்னிப்புக் கோருகிறேன். தன்னைத் தானே புகழ்ந்து, இல்லாத பொன்னைக் காட்டி, எதிரியைப் பூனையாக்கும் இந்த வித்தையைத்தானே ஆண்டாண்டாய்ச் செய்துவந்திருக்கிறேன்? ஹிப்ஹாப்காரர்களை நான் பரிகசித்ததெல்லாம் கண்ணாடியைப் பார்த்துப் பரிகசித்ததாக ஆயிற்று. அவர்களிடம் தாளமாவது இருந்தது.

காரியின் மனைவி சாத்தி ஒன்பது நாளாக என் வாசலில் நிற்கிறாள். முதல் நாள் அவளிடம் அரச நியதிகளை விளக்க முற்பட்டேன். அவள் அழவில்லை, கத்தவுமில்லை. “படிக்காம முத்திரை குத்துனது நீங்க. எம் புருசன் தலை ஏங்க போவணும்?” என்று கேட்டாள். முப்பத்தாறு ஆண்டு அமைச்சு வாழ்வில் பல நாட்டுத் தூதர்களுக்கு மறுமொழி சொல்லியிருக்கிறேன். அவளுக்கு மறுமொழியாக இவ்வோலையைத்தான் எழுத முடிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஆகவே தேவரீரின் திருவடியில் வைக்கும் வேண்டுகோள் இது. காரியை விடுவித்தருள்க. ஈடாக, எல்லை ஆற்றின் மணல்திட்டில் தேவரீர் தம் கிரீடத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, எங்கள் மன்னரை மனம் குளிர ஏசியருளலாம். எங்கள் மன்னர் வாய் திறவாமல் கேட்டிருப்பார். எயினன் தத்தனின் கைகள் கட்டப்பட்டிருக்கும். ஏசுவதற்குச் சரக்குப் போதாதெனில் நானே தருகிறேன்: எங்கள் மன்னருக்குப் பல்லியைக் கண்டால் பயம், மந்திராலோசனையில் குறட்டை விடுவார், வாள் பயிற்சியில் தேவரீரை வென்றதாகச் சொல்லும் அந்த ஒரு நாளில் தேவரீருக்குக் காய்ச்சல் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

மீசை ஒன்று போயாக வேண்டும் என்பது தேவரீரின் அவையோர் கருத்தெனில், இத்துடன் வரும் வெள்ளிச் சிமிழைத் திறந்து பார்த்தருள்க. அதிலிருப்பது என் மீசை. முப்பத்தாறு ஆண்டு வளர்த்தது. காரி இங்கில்லாததால் சாத்தியே கத்தி பிடித்தாள். என் முகத்தில் இப்போது ஏழு வெட்டு இருக்கின்றன. அவளை நான் குறை சொல்லவில்லை.

இவ்வோலையைக் கொண்டுவருபவளும் அவளே. எல்லைக் காவலர், துறைக் காவலர், கோட்டைக் காவலர் எவரும் அவளைத் தடுக்கலாகாது என்பது எங்கள் பக்கத்து ஆணை. தேவரீரின் பக்கத்திலும் அவ்வாறே பணித்தருள வேண்டுகிறேன். அவள் தன் பானையையும் திருப்பிக் கேட்பாள். தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். கோழிகளைத் தேவரீரே வைத்துக்கொள்க.

ஆறுள்ளளவும் இரு கரையும் ஒன்றாய் நிற்க.

இவ்விடத்தில் ஓலையை முடித்துக் கட்டப் போனேன். மன்னர் பார்த்துவிட்டார். தாமும் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று அரியணையில் அமர்ந்து சொன்னார். நான் எழுந்து அருகில் போய்ப் பார்த்தேன். கிரீடம் நேராகவே இருந்தது. ஆகவே சொன்னதைச் சொன்னபடி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை:

“அண்ணே, காரியை அனுப்பி வைங்க. தப்பு என்னோடது, அவன் மேல கோவிச்சுக்காதீங்க. ஆனா பாட்டு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் மறைக்காம சொல்லி அனுப்புங்க.”

இங்ஙனம், நக்கன் ஆச்சன். முதலடியிலிருந்து கடைசி அடி வரை இருமுறை படித்த பின்பு இடப்பட்ட முத்திரை.