உன் எண்ணிலிருந்து ஓர் அழைப்பு

என் ஈரக்குலையே, சுஃபூ,

படகுக்காரன் ஃபோன் கொண்டுவரக் கூடாது என்றதும், உன்னுடையதை என் கையில் திணித்தாய். "உன் நம்பர் எனக்கு எப்பவும் ஞாபகத்துல நிக்காதும்மா. என்னோடதுதான் மனப்பாடம். இத்தாலியில இறங்கினதும் இதுக்குத்தான் கூப்பிடுவேன்" என்றாய். பதினொரு மாதமாக அதை நான் அணைத்ததே இல்லை.

மாதாமாதம் காசு போட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். இன்று கடைக்கார லஸ்ஆத் தலையில் அடித்துக்கொண்டான்.

"காசு போட்டா ஆச்சா பெரியம்மா? இதுலேருந்து ஒரு கால் போகணும். சாயங்காலத்துக்குள்ள போகலேன்னா நம்பரை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

நீ கூப்பிடும்போது யாரோ ஒருவன் எடுத்து, தப்பான நம்பர் என்று வைத்துவிட்டால்? வீட்டுக்கு ஓடிவந்தேன். உன் ஃபோனில் "அம்மா" என்று இருந்ததை அழுத்தினேன். இரண்டு முறை போகவே இல்லை. மூன்றாவது முறை அடுப்படியில் என் ஃபோன் அடித்தது.

உன் தங்கை கையெல்லாம் குஸ்குஸ் ரவை ஒட்டியிருக்க, என் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா! அண்ணன் கூப்பிடறான்! அவன் படம் வருது பாரு!"

அப்புறம்தான் என் கையில் இருந்ததைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, சாப்பிட்டியா? அங்க ரொம்பக் குளிரா?"

எண் பிழைத்துவிட்டது, கண்ணே. ஆனால் அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். உன் ஃபோனை நானும் காதில் வைத்துக்கொண்டேன். நீயாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

உன் அம்மா