பீப்பாய்க்குள் கூப்பிட்ட பேர்

நுவரெலியா, 1936 தை

பஞ்சம்மாளுக்கு ஒச்சாண்டி எழுதுவது. நான் சுகம்தான். நீயும் வயித்துப்பிள்ளையும் ஆத்தாவும் சுகமா?

இங்கன துரை வீட்டுலயே பீர் காய்ச்சுறாக. பழைய பீப்பாய் மறுபடி ஆகுமானு பார்க்கிறது என் வேலை. சுடுதண்ணியில கழுவி மோந்து பார்ப்பேன். புளிச்ச வாடை அடிச்சாத் தள்ளிருவேன். பிறகு உள்ள தலையை விட்டுக் குரல் குடுப்பேன். விரிசல் இல்லாட்டி கணீர்னு திரும்பும்.

நேத்து வாயில வந்தது காய்ச்சல்ல போன நம்ம மக பேரு. "ராமுத்தாய்"னேன். "அய்யா"னு அவ குரல் வந்துச்சு. சிரிக்காதே. ஓட்டைப் பீப்பாய்னு துரைகிட்டப் பொய் சொல்லி, என் வீட்டுக்கு உருட்டிட்டு வந்துட்டேன்.

அவ போத்துன துப்பட்டியை அனுப்பு, இங்கன குளிரு.

தபாலுக்கு ஆள் கிளம்பிட்டான். பொறக்கிறது பொட்டப்பிள்ளைனா அவ பேரையே வைக்கணும்னு ஆத்தா சொல்லுச்சாமே. வேண்டாம் புள்ள. அங்கன நீ கூப்பிட்டா, இங்கன இவ முழிச்சிக்கிருவா.

ஒச்சாண்டி