ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு

டீச்சர்,

இன்று காலை கார்த்திகைக்கு வாங்கிய புது அகல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஈர மண் வாசனை எழுந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் வரும் முதல் தீபம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். உங்கள் வகுப்பறைச் சுவர் விரிசல் விட்டதால், மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவையும் தலைமையாசிரியர் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். நான் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்ல வைப்பவள். நீங்கள் பயிற்சி முடித்துப் புதிதாய் வந்தவர். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துப் புளியங்கொட்டையைக் கொடுப்பீர்கள். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி, "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்பீர்கள்.

"உங்க பசங்க கத்துறதுல எங்க பசங்களால எண்ணவே முடியல டீச்சர்" என்றீர்கள்.

"உங்க பக்கம் மட்டும் என்னவாம்? சந்தைக்கடை மாதிரி இருக்கு. சத்தம் அங்கதான் ஜாஸ்தி."

மறுநாள் நடுவில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். ஒரு வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை.

உங்கள் பிரிவில் வள்ளி என்றொரு பெண். திக்குவாய். நீங்கள் எழுப்பினால் உதடு நடுங்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள், அழுதுகொண்டே உட்காருவாள். ஒருநாள் என் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு குரல் சேர்ந்து வந்தது. வள்ளி. ஓர் இடத்திலும் திக்கவில்லை. நீங்கள் கண் கலங்க என்னிடம் வந்தீர்கள்.

"டீச்சர், இவள கொஞ்ச நாள் உங்க பக்கம் உக்கார வச்சுக்கறீங்களா?"

பதிலுக்கு என் பிரிவு முருகனை உங்களிடம் அனுப்பினேன். வாய்ப்பாடு தண்ணீர்பட்டபாடு, ஆனால் கணக்கு என்று கேட்டால் விழிப்பான். தீபத்துக்காக வாங்கி வைத்திருந்த அகல்களை ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு என்று அவனை அடுக்கச் சொன்னீர்கள். எண்ணி முடித்தவன், "டீச்சர், நெஜமாவே நாப்பத்தெட்டுதான் இருக்கு!" என்று கூவினான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கே கோட்டை அழித்தேன்.

அதன்பின் காலையில் எல்லோருக்கும் என் ராகம். மதியம் உங்கள் கேள்வி. வள்ளி எழுந்து நின்றால் கூடமே காத்திருக்கும். நான் பொறுக்காமல் எடுத்துக் கொடுக்கப் போவேன்.

"சொல்லாதீங்க டீச்சர். அவகிட்ட பதில் இருக்கு. வரட்டும்."

பங்குனியில் ஒருநாள் அது வந்தது. திக்கித் திக்கி, ஆனால் முழுசாக, தான் கணக்குப் போட்ட விதத்தைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் உங்களைக் கீழ்பென்னாத்தூருக்கு மாற்றிவிட்டார்கள்.

போன மாதம், நீங்கள் இறந்த செய்தி கேட்டு உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் கணவர் என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. சுற்றியிருந்தவர்கள், "விடுங்க சார், மனச தேத்திக்குங்க" என்றார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவராகவே உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இருட்டும்வரை பேசினார்.