கீழே போடாத கை

6 ஜனவரி 2025, திங்கள்

சர்க்கரை இறங்க மறுக்கிறது. என் மனைவி இன்பம் மருத்துவமனையிலிருந்து வந்து, செவிலியர் உடையைக்கூட மாற்றாமல் தீர்ப்புச் சொன்னாள்: "நடங்கன்னா நடக்க மாட்டீக. பேப்பரப் படிச்சுப் பல்லக் கடிச்சுக்கிட்டே இருக்கீக. அந்தக் கோவத்தக் கொண்டுபோய் இரும்புகிட்டக் காட்டுங்க." ஆகவே ஐம்பத்து நான்காம் வயதில், சாத்தூர் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் இருக்கும் ஜிம்மில் சேர்ந்துவிட்டேன்.

பயிற்சியாளர் காசிராஜன் எல்லாக் கருவிகளையும் சுற்றிக் காட்டினார். எனக்கு ஒன்று போதும் என்றேன்: நின்றபடி எடை மாட்டிய இரும்புப் பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேலே உயர்த்தும் பிரஸ். சாய நாற்காலி இல்லை, படுக்கப் பலகை இல்லை. எடை மேலே போகும், அல்லது போகாது. பொய் சொல்ல இடமில்லாத ஒரு வேலையை நான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

20 ஜனவரி, திங்கள்

முறையை எழுதி வைக்கிறேன். ஒழுங்காகச் செய்யப்படும் ஒரு காரியமாவது இந்த ஊரில் எழுத்தில் இருக்கட்டும்.

பிடி, தோள் அகலத்துக்குச் சற்று வெளியே. கட்டைவிரல் பாரைச் சுற்றி வர வேண்டும். பார் விரல்களில் தொங்கக் கூடாது. உள்ளங்கையின் அடிமேட்டில், முன்கை எலும்புக்கு நேர் மேலே அமர வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடியக் கூடாது. முழங்கை பாருக்குச் சற்றே முன்னால். தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி, விலாவைக் கீழே இழுத்து, மூச்சை வயிற்றில் நிறுத்த வேண்டும். பார் நேர்கோட்டில் ஏற வேண்டும். முகம் குறுக்கே நிற்கிறதே என்று அது சுற்றிப் போகக் கூடாது. முகம்தான் பின்வாங்க வேண்டும். நெற்றியைக் கடந்தவுடன் தலையை முன்னே கொண்டுவந்து பாருக்கு அடியில் நிற்க வேண்டும். உச்சியில் தோள்களையும் மேலே தள்ளி முடிக்க வேண்டும். அந்த நிலையில் பாரும் தோளும் இடுப்பும் நடுப்பாதமும் ஒரே செங்குத்தில் இருக்கும்.

இங்கே பெரும்பாலோர் இடுப்பை வில்லாக வளைத்து, மார்பால் தள்ளிவிட்டு, தோளால் தூக்கியதாகக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் பழைய முதலாளி முத்துக்கிருஷ்ணன் பட்டாசுக் கம்பெனி நடத்திய முறையும் இதுவே. இருபது வருடம் அங்கே போர்மேனாக இருந்தேன். நாலு பேர் இருக்க வேண்டிய வெடிமருந்து அறையில் பதினோரு பேரை உட்கார வைத்தார். அறைகளை ஆள் மாற்றி ஆளுக்குக் குத்தகைக்கு விட்டார். லைசென்ஸ் பலகையை மட்டும் வருடந்தோறும் புதுப் பெயின்ட் அடித்து மாட்டினார். இதையெல்லாம் அவரிடமே எழுதிக் கொடுத்துவிட்டு 2022 ஏப்ரலில் வெளியேறினேன். அடுத்த வருடம் ஜூனில் அந்த அறை வெடித்துப் போனது. நான்கு பேர்.

28 ஜனவரி, செவ்வாய்

பையன்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் பாரை ஸ்டாண்டில் வைக்கும்போது சத்தம் வருவதில்லையாம். "சார் வந்துட்டுப் போனா பூனை வந்துட்டுப் போன மாதிரிலே" என்றான் ஒருவன். மருந்து அறையில், பொறி பறந்துவிடும் என்று, இரும்புக்கே அனுமதியில்லை, மரமும் பித்தளையும்தான். எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, போடக் கூடாது. அங்கே இருபது வருடம் இருந்தவன் எதை வைத்தாலும் பூனைதான்.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தபோது வாசலில் வெள்ளைத்தாய் நின்றிருந்தாள். இறந்த நால்வரில் செல்லப்பாண்டியின் மனைவி. அவளும் அதே கம்பெனியில் திரி கட்டியவள். நாரணாபுரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

வழக்கு விசாரணைக்கு வருகிறது. முத்துக்கிருஷ்ணன் தரப்பின் வாதம் எனக்குத் தெரிந்ததுதான்: செல்லப்பாண்டி மருந்துத் தட்டைக் கைதவறிக் கீழே போட்டான், அதனால் வெடித்தது. வெளியே நின்ற கணக்கப்பிள்ளை "தட்டு விழுந்த சத்தம் கேட்டது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். வெடித்த அறையிலிருந்து அவன் காதுக்கு வந்து சேர்ந்தது தட்டின் சத்தம் மட்டுமாம். செத்தவனைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதைத் தவிர இந்த வாதத்துக்கு வேறு பலமில்லை.

ஆனால் தெரு நம்பிவிட்டது. அதே தெருவில் இருக்கும் சோலையம்மாளின் மகள் அழகுமீனாவும் அந்த அறையில்தான் இறந்தாள். "குழாயடியில அந்தக்கா என் குடத்தத் தள்ளி வைக்கிது சார். 'உன் புருசன் கையி என் புள்ளயத் தின்னுருச்சு'ன்னு சொல்லுது. நான் என்னன்னு பதில் சொல்ல?" என்றாள் வெள்ளைத்தாய்.

இடம் மாறலாமே என்று இன்பம் கேட்டாள்.

"எங்க போக? போனா, ஆமா அவன்தேன் போட்டான்னு ஆயிரும்ல. எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு எங்க தெருச் சனம் நடந்து போகும். ரெண்டு வருசமா என்னயச் சேக்கல. இந்த வருசம் அவுகளோட சேந்து நடக்கணும். அம்புட்டுத்தேன். சார் கோர்ட்டுல வந்து, அவரு கீள போடுற ஆளு இல்லன்னு சொன்னாப் போதும்."

சொல்கிறேன் என்றேன்.

10 பிப்ரவரி, திங்கள்

சொல்கிறேன் என்றேன். எதை வைத்து? நான் அன்று அங்கே இல்லை.

14 மார்ச், வெள்ளி

நாற்பது கிலோ. மூன்று முறை ஒழுங்காக ஏறியது. நான்காவதில் பார் நெற்றி உயரத்தில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, தோளுக்கும் திரும்பவில்லை.

காசிராஜன் கத்தினார்: "சார், விட்டுருங்க! முன்னால தள்ளிட்டுப் பின்னால வாங்க! கீள போடுங்க சார், தரை ரப்பர்தான!"

கேட்டது. புரிந்தது. செய்யவும் நினைத்தேன். விரல்கள் திறக்கவில்லை.

முகத்துக்கு நேரே நாற்பது கிலோவை வைத்துக்கொண்டு, இடது தோளில் ஏதோ கிழிவதை உணர்ந்துகொண்டே, அதை மெதுவாக இறக்கினேன் — தரைவரை, சத்தமில்லாமல். காசிராஜன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார், உங்க தோளு பெருசா, என் தரை பெருசா?"

15 மார்ச், சனி

தோளில் ஐஸ் கட்டி. தூக்கமில்லை. ஆனால் மனம் பல மாதங்களுக்குப் பிறகு தெளிந்திருக்கிறது.

நேற்று என் கைகளுக்குக் கீழே போட அனுமதி இருந்தது, கட்டளையே இருந்தது. போட்டால் தப்பிக்கலாம், போடாவிட்டால் காயம். அப்படியும் போடவில்லை. அறிவு சொன்னதைக் கை கேட்கவில்லை. அந்தக் கையைப் பழக்கியது மருந்து அறை. செல்லப்பாண்டியைப் பழக்கியதும் அதே அறை, என்னோடு, பதினேழு வருடம். ரப்பர் தரையில் இரும்பைப் போடாத கை, மருந்து அறையில் தட்டைப் போடுமா?

பார்க்காமலேயே சொல்லக்கூடிய சாட்சியம் எனக்குக் கிடைத்துவிட்டது. என் உடம்பிலேயே.

18 மார்ச், செவ்வாய்

காசிராஜன் நிபந்தனை விதித்துவிட்டார். "கீள போடக் கத்துக்கிடாம இனிப் பாரத் தொடக் கூடாது சார். தூக்குறது பாதி வேலைதான். தூக்க முடியாதப்ப விடத் தெரியணும், அதுதான் மீதிப் பாதி. நாளைக்குக் களுத்துல விளுந்துச்சுன்னா வீட்டுல அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

நியாயம்தான். முறை என்பது முழுவதும் முறை.

2 ஏப்ரல், புதன்

தோள் ஓரளவு ஆறிவிட்டது. வெறும் பாரை மார்பு உயரத்தில் பிடித்து, முன்னே தள்ளி, பின்னால் ஓரடி வைத்து, விடுவது. எனக்கு மட்டும் அது குனிந்து வைப்பதாகவே முடிகிறது. பையன்கள் ரசிக்கிறார்கள். "சார், பார் தூங்குதா? தொட்டில்ல போடுறீக!"

16 ஏப்ரல், புதன்

இன்று முழங்கால் உயரத்திலிருந்து விட்டேன். உடம்பெல்லாம் வியர்த்தது. எடையால் அல்ல.

30 ஏப்ரல், புதன்

நாற்பத்திரண்டரை கிலோ. நெற்றியில் நின்றது. தள்ளினேன், பின்வாங்கினேன், விட்டேன்.

விழுந்த சத்தத்தில் மாடியே அதிர்ந்தது. ஒருவரும் பாரைப் பார்க்கவில்லை. எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பினார்கள் — எந்தத் திசையில் புகை என்று பார்க்க. பிறகுதான் சிரிப்பு, கைதட்டல். காசிராஜன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்பத்தான் சார் நீங்க பிரஸ் பண்ணத் தெரிஞ்ச ஆளு."

ஆறு வாரம் பிடித்தது. தோளில் வலி இல்லை. கீழே போடுவதில் ஒரு சுகம்கூட இருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

26 ஜூன், வியாழன்

சம்மன் வந்துவிட்டது. ஜூலை 22. சொல்லவேண்டியதை வாக்கியம் வாக்கியமாக அமைத்துவிட்டேன். வெள்ளைத்தாய் போனில், "சார், ஆடி வெள்ளிக்குப் புதுச் சேலை எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். எடு என்றேன்.

22 ஜூலை, செவ்வாய்

விருதுநகர். கோர்ட்டில் மின்விசிறி ஓடவில்லை.

அரசு வக்கீல் கேட்டார், சொன்னேன். நான் அமைத்தபடியே. நாற்பது கிலோ, நெற்றி, கட்டளை, திறக்காத விரல்கள். தட்டச்சு செய்த பெண்கூட நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நீதிபதி "மேலே சொல்லுங்கள்" என்றார். பின் பெஞ்சில் வெள்ளைத்தாய் இருந்தாள். அவளுக்கு இரண்டு இடம் தள்ளி சோலையம்மாள். சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சில நிமிடம் நான் நம்பினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

முத்துக்கிருஷ்ணனின் வக்கீல் எழுந்தார். மிகவும் மரியாதையானவர்.

"சார் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எங்க கட்சிக்காரரே சொன்னார். ஒரு சின்னச் சந்தேகம். இப்போ பாரைக் கீழ போட முடியுதா?"

அந்த நொடியில் முழுவதும் தெரிந்துவிட்டது. எதில் எதை ஊற்றினால் என்ன ஆகும் என்பது ஊற்றும் முன்பே தெரிய வேண்டும், அதற்குத்தான் படித்தேன். ஊற்றிய பிறகு தெரிந்து என்ன?

"முடிகிறது."

"பழக எவ்வளவு நாளாச்சு?"

"ஆறு வாரம்."

"இருபது வருசப் பழக்கம், ஆறு வாரத்துல போயிருச்சு. நீங்க வேலையை விட்டப்புறம், உங்க மேற்பார்வை இல்லாம, குத்தகைக்காரர் அவசரப்படுத்தின சீசன்ல, செல்லப்பாண்டி எத்தனை மாசம் வேலை பாத்தார்?"

சட்டம் அனுமதிக்காத குத்தகையை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார், ஒருவரும் கவனிக்கவில்லை.

"பதினான்கு மாதம். ஆனால் அவருக்குக் கீழே போட யாரும் கற்றுத் தரவில்லை. என் பழக்கம் தானாகப் போகவில்லை, ஒருவர் தினமும் நின்று —"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அரசு வக்கீல் மறுபடி கேட்க எழவில்லை. அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். நன்கு பழகிய கையும் பழக்கத்தை இழக்கக்கூடும் என்று சாட்சி ஒப்புக்கொண்டதாகப் பதிவானது. கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வராந்தாவில் முத்துக்கிருஷ்ணன் நின்றிருந்தார். "வெயில்ல ஏன் பஸ்ஸுக்கு நிக்கிறீக சத்தியநாதன்? கார்ல வாங்க, வீட்ல விட்டுர்றேன்." சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

வெள்ளைத்தாய் வேப்பமரத்தடியில் இருந்தாள். அழவில்லை.

"இன்னும் போட முடியலன்னு சொல்லிருக்கலாம்ல சார். ஒரு வார்த்த."

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். ஏலே சத்தியநாதா, அம்புட்டுப் பொய்க்கு நடுவுல உன் ஒரு பொய்யா நாறியிருக்கும்?

24 ஜூலை, வியாழன்

ஜிம்முக்குப் போய்க் கணக்கை முடித்துவிட்டு வந்தேன். தோளா என்று காசிராஜன் கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் பிழையில்லை, சரியானதையே கற்றுத் தந்தார். என் பொய் எப்போது எளிதாக வருகிறது பாருங்கள்.

15 ஆகஸ்ட், வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. விடியும் முன்பே எங்கள் வாசல் வழியாகச் சனம் நடந்துகொண்டிருந்தது. இன்பம் வருடந்தோறும் செய்வதுபோல் வாசலில் தண்ணீர்க் குடமும் செம்பும் வைத்திருந்தாள்.

நாரணாபுரத்துக் கூட்டம் ஏழு மணிக்கு வந்தது. மஞ்சள் சேலைகள், வேப்பிலை, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. சோலையம்மாள் முன்னால் நடந்தாள். என்னைப் பார்த்தாள், தண்ணீர் வாங்கவில்லை.

கூட்டம் கடந்து, ஆட்டோவின் பாட்டும் தேய்ந்த பிறகு வெள்ளைத்தாய் வந்தாள். தனியாக, ரோட்டின் எதிர் ஓரத்தில், புதுச் சேலையில். அவர்கள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து வந்திருக்கிறாள். இன்பம் கைகாட்டி அழைத்ததும் ரோட்டைக் கடந்து வந்தாள்.

செம்பை உயர்த்தி அண்ணாந்து குடித்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வரட்டுமா சார், அவுக தூரமாப் போயிருவாக" என்று குனிந்து, சிமென்ட் படியில் செம்பை வைத்துவிட்டு நடந்தாள்.

பித்தளைச் செம்பு, சிமென்ட் படி. சத்தமே வரவில்லை.

அதை எடுத்து உள்ளே கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தேன். ணங்கென்றது. அதற்குள் அடுப்படிக்கு வந்திருந்த இன்பம் திரும்பி என் கையைப் பார்த்தாள்.