பெரிய வீட்டுக்காரரின் முறை

பெர்மெத்தின் அப்பாவுக்கு, பட்கெனிலிருந்து ஜிபார் சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. பெர்மெத்துக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். போனில் பேசினால் வீடே காது கொடுக்கிறது, அதனால் மாஸ்கோ புறப்படும் உசேனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அண்ணன் முந்திக்கொண்டு பேசியிருப்பார். நான் சொல்வதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊர் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் முராப் வேலை வசந்தத்தில் என் தலையில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். ஆண்கள் பாதிப் பேர் ரஷ்யாவில், கடைமடைப் பெண்கள் எனக்குக் கை தூக்கினார்கள். உங்கள் அண்ணனுக்கு அன்றே பிடிக்கவில்லை. "முராப்னா ஒரு அதட்டுல ஊரே அடங்கணும். இவ யாரை அதட்டுவா, கோழியையா?" என்று தேநீர்க்கடையில் கேட்டாராம். கடைமடை சுய்யும்கான் அக்கா விடுவாளா? "அதட்டினவங்க காலத்துல எங்க தோட்டம் காஞ்சுதான் கெடந்துச்சு. தன் தோட்டத்துக்குக் கடைசியாப் பாய்ச்சறவதான் முராப்" என்று சொல்லி அனுப்பினாள். நானும் அப்படித்தான் நம் தோட்டத்துக்குக் கடைசியில் பாய்ச்சுகிறேன்.

சிக்கல் அங்கே இல்லை. முறை வந்ததும் முராப் வாய்க்கால் தலைப்பில் நின்று வீட்டுக்காரர் பெயரை உரக்கக் கூப்பிட வேண்டும், வராதவர் முறை அடுத்தவருக்கு. புருஷனின் அண்ணன் பெயரை மருமகள் சொல்லலாமா? "பெரிய வீட்டுக்காரரே, உங்க முறை" என்று கூப்பிட்டேன். அவர் கண்ணெதிரே பாப்லர் மர நிழலில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். "என் பேரை யாரும் கூப்பிடலையே" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். சிரித்தார்கள். தண்ணீர் அடுத்தவருக்குப் போயிற்று. அடுத்த முறையும் இதே கதை. என்னால் முடியாது என்று ஊருக்குக் காட்டத் தன் மரங்களையே காயப்போட்டார், அவ்வளவு வீம்பு.

வேறு யாரையாவது விட்டுக் கூப்பிடச் சொல்லலாமே என்றார்கள். அப்படியானால் முராப் நானா அவரா? கூப்பிடாமலே நான் அவர் மடையைத் திறந்துவிட்டால், முராப்பின் சொந்தக்காரருக்கு மட்டும் முறையெல்லாம் கிடையாது என்று ஊர் பேசும், அதுவும் நியாயம்தான். உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "பேரைச் சொன்னா உன் வாய் வெந்துபோகாது. என் மூத்த பிள்ளை முகம்தான் வெந்துபோகும்" என்றார்கள்.

போன வாரம் பெரிய வீட்டு அண்ணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆப்ரிகாட் இலை சுருண்டு, காய் கொட்ட ஆரம்பித்துவிட்டதாம். "கூப்பிட்டுடுடீ. அந்த மனுஷன் எறங்கி வரமாட்டார். குளிர்காலத்துக்கு என் பிள்ளைங்க வாயில எதை வைப்பேன்?" என்றார்.

அவர் முறை மறுபடி வந்தபோது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முழுப் பெயர், அவர் அப்பா பெயரோடு சேர்த்து. இந்தக் காகிதத்தில் எழுத இப்போதும் கை வரவில்லை. வாய்க்கால் கரையில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, என்னைப் பார்க்காமல் போய், மடையைத் திறந்தார்.

முராப் என்றால் ஊர் பயப்பட வேண்டும் என்கிறார் அண்ணன், விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறாள் சுய்யும்கான் அக்கா. இரண்டும் எனக்குப் போதவில்லை. யாரும் செய்ய விரும்பாததைச் செய்துவிட்டு, அதன் பழியை வேறு யார் தலையிலும் வைக்காமல் இருப்பதுதான் முராப் வேலை என்று அன்று தோன்றியது. தப்பாகவும் இருக்கலாம். பழி சுமக்கிறவளுக்கு அப்படித்தானே தோன்றும்.

அன்று மாலையே அவர் வீட்டுக்கு வந்தார். "தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும், இவளை இவ அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்" என்று என் எதிரிலேயே அம்மாவிடம் சொன்னார். மகன் சொல்லட்டும் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் முறை மறுபடி வருகிறது. கூப்பிடுவேன்.

அவர் உங்களிடம் மறுபடி பேசும்போது, முதலில் மரத்தில் காய் நிற்கிறதா என்று கேளுங்கள். நிற்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.

அல்லா உங்களைக் காக்கட்டும். என்னை நீங்கள்தான் காக்க வேண்டும்.

உங்கள்
ஜிபார்