பட்டுப்புடவையில் பஸ் ஏறுவாளா

வீட்டுக்காரருக்கு,

புஷ்பலதா உங்களோடு பேசுவதில்லை. அதனால் அவள் சேதியை இந்தச் சீட்டுதான் சொல்லும்.

கத்திரிக்காய்க் குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் பார்த்த படத்தின் கடைசியில் பஸ் வந்து நிற்கிறது, திரை இருட்டாகிவிடுகிறது. பட்டுப்புடவை கட்டிய கதாநாயகி அதில் ஏறி, காதலனை விட்டுப் போய்விட்டாள் என்றாள் புஷ்பலதா. "பட்டுப்புடவை கட்டிகினு எவளும் பஸ்ல ஏற மாட்டா. ஜரிகை கம்பில மாட்டிக்கும்" என்று தியேட்டர் வாசலில் எல்லார் எதிரிலும் தீர்ப்புச் சொன்னீர்கள்.

ஆகவே, நீங்கள் நெய்த மாம்பழக் கலர் பட்டையே கட்டிக்கொண்டு, போளூர் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போகிறாள். யாரும் தேட வேண்டாம்.

சாவி பக்கத்து வீட்டில்.

பி.கு.: பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் வந்தால் புஷ்பலதாவின் ஹெல்மெட்டையும் எடுத்து வாருங்கள். ஜரிகை மாட்டும் என்பது சரிதான். ஆனால் படத்தில் கதாநாயகி ஏறிவிட்டாள்.