பக்கத்து இருக்கையில் ஒரு கரடி

சிகாகோ,
மே 2.

மதிப்பிற்குரிய திருமதி லோரெய்ன் டெல்வோ அவர்களுக்கு,

உங்கள் இடது முழங்கால் இந்தக் குளிர்காலத்தை எப்படித் தாங்கியது? இதைக் கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். ஆனால் மேலே இருக்கிற அந்த முதல் வரிக்கே மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. இத்தனை வருடமாக ‘அன்புள்ள அத்தைக்கு’ என்று எழுதிப் பழகிய கை. பிப்ரவரியில் ஜோலீனும் நானும் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டபோது உங்கள் மகளோடு அந்தச் சொல்லும் என்னை விட்டுப் போய்விட்டதா என்று யாரிடம் கேட்பது?

எப்படியோ, டிராஃப்ட் முடிந்துவிட்டது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் அந்த மூன்று நாளும் முடிந்த கையோடு உங்களுக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் கல்யாணமான முதல் வருடம், விருந்து மேசையில் நாம் போட்ட சண்டையில் பூசணிக்காய்ப் பலகாரம் தரையில் கவிழ்ந்ததே, அன்றைக்கு நோர்பர்ட் மாமா போட்ட விதி நினைவிருக்கும்: “இனி ரெண்டு பேரும் ஃபுட்பால் பத்தி இந்த வீட்டுல வாயத் திறக்கக் கூடாது. டிராஃப்ட் முடிஞ்சதும் எதிரி எடுத்த ஆளுங்களப் பத்தி ஆளுக்கொரு லெட்டர். நல்லதுதான் எழுதணும். பொய்யும் எழுதக் கூடாது.” மாமா போன பிறகும் நாம் அதை விடவில்லை. விவாகரத்து ஆனால் விதி செல்லாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ஆகவே, கிரீன் பே எடுத்த ஆட்களைப் பற்றி ஒரு சிகாகோக்காரனின் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

முதல் சுற்றில் எடுத்தீர்களே டெமெட்ரி ஹாலோவே, எங்கள் பந்தெறிபவரைத் துரத்திச் சாய்ப்பதற்கென்றே பிறந்தவன். பாதி தூரம் வரை அவனிடம் அவசரமே இல்லை. பிறகு எங்கிருந்து அந்த வேகம் வருகிறது என்று பதிவை நான்கு முறை போட்டுப் பார்த்தேன், புரியவில்லை. நான்காவது சுற்றிலேயே, கையால் ஆடும் இந்த ஆட்டத்தில் எப்போதாவது வந்து பந்தை உதைத்துவிட்டுப் போகிற உதைப்பவன் ஒருவனை எடுத்தீர்கள். டிவியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஏரிக்கரை ஊரில் எதிர்க்காற்றில் உதைத்துப் பழகியவன். டிசம்பரில் உங்கள் மைதானத்தில் மூக்கு உறையும்போது அவன் அருமை தெரியும். உங்கள் அணி அவசரப்படுவதே இல்லை. மற்றவர்கள் முண்டியடித்து வாங்கிப்போன பிறகு, மிச்சத்தில் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு வருகிறீர்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மரியாதையாகவும் இருக்கிறது.

இந்த வருடமும் டிசம்பரில் சிகாகோ உங்கள் ஊருக்கு ஆட வருகிறது. மாமா போனதிலிருந்து அந்த ஒரு ஆட்டத்துக்கு, அவருடைய இடத்தில், உங்கள் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். இதற்கு மேல் எழுதத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
வாரன் ஸ்டாசக்


கிரீன் பே,
மே 9.

வாரனுக்கு,

திருமதியாம்! என்னை அப்படிக் கூப்பிடுவது மின்சார அலுவலகமும் பல் டாக்டரும்தான். இன்னொரு முறை அப்படி எழுதினால் உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கும் தெரியவில்லை. இப்போதைக்கு லோரெய்ன் என்றே எழுது. முழங்கால் இருக்கிறது, அது பாட்டுக்கு முனகிக்கொண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் என் மகள் பக்கம். உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவள் அழுததைப் பார்த்தேன். நீயும் அழுதிருப்பாய். ஆனால் நான் பெற்றது அவளை.

இப்போது உன் அணி, சிகாகோ கரடிகள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் சுற்றில் எடுத்த பந்து பிடிக்கிறவனுக்குக் கை ஒவ்வொன்றும் வாணலி அகலம். தலைக்கு மேல் போகிற பந்தை அண்ணாந்து பார்க்காமலே பிடிக்கிறான். போதுமா?

இரண்டாம் சுற்றைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. எங்கள் முறைக்குச் சற்று முன்னால் உங்கள் முறை. கேலப் ரென்யேயை எங்கள் அணிதான் எடுக்கும் என்று தேவாலயத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தேன். உன் சிகாகோ அவன் பெயரைச் சொல்லிவிட்டது. கையிலிருந்த தட்டைச் சுவரில் எறியாமல் இருந்தது கர்த்தர் கிருபை.

கேலப் எங்கள் ஊர்ப் பையன். நான் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் என் வண்டியில்தான் வருவான். ஏறி உட்கார்ந்தாலே அவனுக்கு வாந்தி வரும். அதனால் எனக்குப் பின்னால் முதல் இருக்கை, கையில் ஓர் இஞ்சி மிட்டாய். அப்போதே கதவை அடைக்கிற உடம்பு. ஆனால் குட்டிப் பிள்ளைகள் எல்லாம் இறங்கும் வரை எழுந்திருக்க மாட்டான், யாரையாவது இடித்துவிடுவோமோ என்று பயம்.

நல்லதுதான் எழுத வேண்டும், பொய் எழுதக் கூடாது. சரி, எழுதுகிறேன்: இந்த வருடம் நாட்டிலேயே நல்ல ஆளை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். முன்வரிசையில் நின்று பந்தெறிபவரைக் காக்கிற வேலை. பந்தைத் தொடவே மாட்டான். சரியாகச் செய்தால் ஒருவரும் அவனைக் கவனிக்க மாட்டார்கள், தப்பு செய்தால் ஊரே பெயர் சொல்லித் திட்டும். எல்லோரும் அவன் தோளைப் பார்ப்பார்கள். நீ காலைப் பார். அந்தக் கால் பின்வாங்காது.

கோடைப் பயிற்சி முகாமுக்கு நீ எப்படியும் போவாய். இதோடு ஒரு பை இஞ்சி மிட்டாய் அனுப்புகிறேன், அவனிடம் கொடு.

டிசம்பரைப் பற்றி நீ கேட்காமல் கேட்டிருக்கிறாய். நான் யோசிக்க வேண்டும். இந்த ஊரில் பிள்ளை பிறந்ததும் மைதானத்தில் நிரந்தர இருக்கைக்குப் பெயர் எழுதி வைத்தால் அதற்குத் தலை நரைக்கும்போதுதான் முறை வருகிறது. அந்த இடம் விளையாட்டு இல்லை.

லோரெய்ன்


சிகாகோ,
ஆகஸ்ட் 6.

லோரெய்னுக்கு (இப்படி எழுதவும் கூசத்தான் செய்கிறது),

மிட்டாய் போய்ச் சேர்ந்துவிட்டது. முகாமில் வேலிக்கு அந்தப் பக்கம் கேலப் நின்றான். சூரியனே தெரியவில்லை. பையை நீட்டி உங்கள் பெயரைச் சொன்னேன். அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே குனிந்தது. “டிரைவரம்மாவா குடுத்து விட்டாங்க?” என்றான். பையைப் பிரித்து அங்கேயே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். விமானத்திலும் அவனுக்கு வாந்திதானாம், அணியில் யாருக்கும் சொல்லவில்லையாம். நானும் சொல்ல மாட்டேன்.

பிறகு அவன் கேட்டதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். “டிசம்பர்ல அங்க ஆட வரும்போது டிரைவரம்மா என்னையும் திட்டுவாங்களா சார்?” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதினார்கள், ஓடிவிட்டான்.

நீங்கள் சொன்னபடி காலைத்தான் பார்த்தேன். பழைய ஆட்கள் இருவர் மாறி மாறி அவன்மேல் மோதினார்கள். அவன் கோபமும் படவில்லை, பின்னும் போகவில்லை. பந்தெறிபவருக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. நாற்பது வருடமாக இந்த அணியைப் பார்க்கிறேன், எங்களுக்கு இப்படி ஒருவன் வாய்த்ததில்லை. அவனை வளர்த்த ஊரைப் பாராட்டத்தான் வேண்டும். வேண்டாவெறுப்பாகப் பாராட்டுகிறேன்.

இனிச் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். டிசம்பர் ஆட்டத்துக்கு உங்கள் பக்கத்தில் வந்து உட்காரலாமா? எனக்கு இப்போது வருடத்தில் மிச்சமிருக்கிற நல்ல நாள் அது ஒன்றுதான்.

வாரன்


கிரீன் பே,
அக்டோபர் 11.

வாரனுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம், பதில் நல்ல பதில் இல்லை.

ஜோலீன் மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள். டாட் என்று பெயர், காகித ஆலையில் வேலை. உனக்குப் பொய் எழுதக் கூடாதே, ஆள் நல்லவர். என் வீட்டுக் கூரை ஓர மழைநீர்க் குழாயை நான் கேட்காமலே சுத்தம் செய்து கொடுத்தார். போன வாரம் ஜோலீன் வந்து உட்கார்ந்தாள். “அம்மா, அப்பாவோட இடம் குடும்பத்துக்குத்தானே? டாட் இப்ப குடும்பம். சிகாகோ மேட்சுக்கு அவரக் கூட்டிட்டுப் போ” என்றாள். மற்ற ஆட்டத்தைக் கேட்கவில்லை பார், அந்த ஆட்டத்தைக் கேட்டாள். அது ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? பெற்றவள்.

மனசு சங்கடமாகத்தான் இருக்கிறது. நீ முதல் வருடம் வந்தபோது நம் வரிசை உன்னைத் தின்றுவிடுவது போலப் பார்த்தது. பின்வரிசை மெர்ல் உன் தலையில் வேர்க்கடலையாக எறிந்தார். நீயும் அசையாமல் கரடித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாய். நோர்பர்ட் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கிறேன். அவரும் தலையைச் சொறிந்துகொண்டுதான் நின்றிருப்பார்.

கேலப்பிடம் சொல்: பதில் தெரியவில்லையாம் டிரைவரம்மாவுக்கு.

லோரெய்ன்


சிகாகோ,
நவம்பர் 20.

அன்புள்ள லோரெய்னுக்கு,

நீங்கள் செய்தது சரி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

உங்கள் பதிலைச் சொல்லப் போன இடத்தில் கேலப் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆட்டக்காரர்களின் வீட்டாருக்குத் தரும் டிக்கெட்டில் ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டான். அவன் அம்மாவுக்குப் பக்கத்து இடம். எதிர்ப்பக்கத்து மூலையில் உச்சியில், காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற இடம். வருகிறேன். ஆனால் உங்கள் வரிசைப் பக்கம் பார்த்துக் கையசைக்க மாட்டேன். டாட் மனம் நோகக் கூடாது.

உங்கள் ஹாலோவே இதுவரை எல்லா ஆட்டத்திலும் யாரையாவது சாய்த்திருக்கிறான். நான் மே மாதமே எழுதினேன் என்பதை நினைவில் வையுங்கள். பெருமை அவனுக்கு, முதலில் சொன்ன பெருமை எனக்கு.

இதுவே என் கடைசிக் கடிதம். ஜோலீன் புது வாழ்க்கை தொடங்கும்போது என் கையெழுத்து உங்கள் சமையல் மேசையில் கிடப்பது நியாயமில்லை. மாமாவின் விதியை முறிப்பதற்கு மன்னியுங்கள். இந்தக் கடிதங்களால்தான் எனக்கு எதிரியைப் பார்க்கத் தெரிந்தது. உங்களையும் தெரிந்தது. முழங்காலில் ரெட்டைத் துணி சுற்றிக்கொண்டு போங்கள்.

என்றும் மரியாதையுடன்,
வாரன்


கிரீன் பே,
டிசம்பர் 18.

மாப்பிள்ளைக்கு,

கடைசிக் கடிதம் என்று முடிவுசெய்ய நீ யார்? விதி போட்டவர் நோர்பர்ட். அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வா.

ஆட்டத்தை நீயும் பார்த்தாய். ஆனால் நம் வரிசையில் நடந்தது உனக்குத் தெரியாது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். டாட் வந்து உன் இடத்தில் உட்கார்ந்ததுமே முன்னால் இருக்கிற தம்பதி திரும்பிப் பார்த்து, “கரடி எங்க?” என்றார்கள். சூப் எடுத்துக்கொண்டு வந்த பெண் கேட்டாள். கழிப்பறை வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். மெர்ல் இரண்டு பை வேர்க்கடலை வாங்கி வந்திருந்தார். எறிய ஆள் இல்லை. அவரே உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தார், அந்த முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வருடம் பூராவும் உன்னைத் திட்டுவதற்கென்றே காத்திருந்த கூட்டம், மாப்பிள்ளை.

கடைசிப் பகுதியில் உன் அணி எங்கள் கோட்டுக்கு அருகில் வந்ததே, அப்போது ஹாலோவே கிளம்பினான். நீ எழுதிய அதே ஓட்டம், பாதி வரை மெதுவாக, பிறகு திடீரென்று. இந்த வருடம் அதற்கு எதிரில் யாரும் நின்றதில்லை. கேலப் நின்றான். கால் ஓர் அங்குலம் பின்னால் போகவில்லை. பந்து பறந்தது, வாணலிக் கைக்காரன் பிடித்தான், சிகாகோவுக்குப் புள்ளி. அந்த மைதானமே செத்த வீடு மாதிரி இருந்தது. அதில் ஒரு கிழவி எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். அது நான்தான். மெர்ல் என் தோளைத் தொட்டு, “லோரெய்ன், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று கேட்டார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை வருடமும் உனக்கு அங்கே எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. எனக்காகத்தானே அங்கே வந்து உட்கார்ந்தாய்? உன் ஊர் மைதானம் உனக்கு இல்லையா என்ன?

பிறகு எங்கள் உதைப்பவன் எதிர்க்காற்றில் உதைத்து எங்களை ஜெயிக்க வைத்தான். இவனை எடுத்தபோது டிவிக்காரர்கள் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. அதையும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் டாட் சொன்னார்: “அத்தை, நான் வேற ஒருத்தரோட இடத்துல உக்காந்திருந்தேன். சிகாகோ மேட்சுக்கு மட்டும் அவரே வரட்டும். நான் ஜோலீன்கிட்ட பேசுறேன்.” சொன்னபடியே வீட்டுக்கு வந்ததும் பேசினார். ஜோலீன் தட்டுகளையெல்லாம் கழுவி அடுக்கி முடித்தாள். கடைசியில், “வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடாதே. ஸ்டேடியத்தோட சரி” என்றாள். அவள் அவ்வளவு இறங்கி வந்ததே எனக்குப் பெரிது. அதற்கு மேல் நீயும் எதிர்பார்க்காதே.

நம் விளையாட்டில் ஒன்று உண்டு, உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அணி ஒருவனை விட்டுவிட்டால், மறுநாளே வேறோர் அணி எனக்கு வேண்டும் என்று சொல்லி அவனை எடுத்துக்கொள்ளலாம். ஜோலீன் உன்னை விட்டுவிட்டாள். அது அவள் உரிமை, நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு நீ வேண்டும். எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கேலப்பிடம் பதிலைச் சொல்லிவிடு, திட்டவில்லை என்று. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். முடிந்ததும் கடிதம் வர வேண்டும், முதல் வரிக்காகத் தாள் கிழித்துக்கொண்டிருக்காதே.

உன் அத்தை,
லோரெய்ன்